ரிசார்ட் ஹாட் டப்பில் பிள்ளைகள்: யார் இறங்கலாம், எத்தனை நிமிடம், யார் பார்த்துக்கொள்வது?

கேள்வி இது: டிசம்பர் விடுமுறைக்கு, கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் இருக்கும் அனஹைமில் ரிசார்ட் எடுத்திருக்கிறோம். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 4. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனாரும் மாமியாரும் கூட வருகிறார்கள். போன தடவை வேறொரு இடத்தில் பிள்ளைகளை ஹாட் டப்பில் (ஜக்கூசி என்கிறோமே, அந்தச் சுடுநீர்த் தொட்டியில்) இறக்கியதும், உள்ளே இருந்த தம்பதி முகம் சுளித்து எழுந்து போய்விட்டார்கள். பிள்ளைகளை விடலாமா, கூடாதா? நாங்கள் என்ன தப்பு செய்தோம்?

மகளை இறக்க வேண்டாம். மகனை இறக்கலாம், ஆனால் ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும். நீங்களோ உங்கள் வீட்டுக்காரரோ அதே தண்ணீரில், கை நீட்டினால் பிடிக்கும் தூரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். மாமனார் விஷயத்தைத் தனியாகப் பேச வேண்டும், கீழே வருகிறேன்.

முகம் சுளித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீச்சல் குளத்துக்குப் பக்கத்திலேயே வெதுவெதுப்பாக, சின்னதாக ஒரு தொட்டி இருந்தால் அது பிள்ளைகளுக்கான குளம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அங்கே வருகிறவர்களோ நாளெல்லாம் நடந்த காலை நீட்டி, கண்ணை மூடிப் பதினைந்து நிமிடம் இருக்க வருகிறார்கள். சொன்னால் வேடிக்கையாக இருக்கும்: ஜக்கூசி என்ற பெயரே ஒரு குழந்தையால் பிரபலமானது. கலிஃபோர்னியாவில் குடியேறிய இத்தாலியக் குடும்பம் அது. பம்ப் செய்வது தொழில். அந்த வீட்டுப் பையனுக்கு மூட்டுவாதம் வந்தபோது, வீட்டுக் குளியல் தொட்டியிலேயே சிகிச்சை கொடுக்க 1940களின் இறுதியில் ஒரு பம்பைச் செய்தார்கள். சிகிச்சைக்கு வந்த சாமான் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி விதிகள் தானாகப் புரியும்.

முதலில் சூடு. அமெரிக்காவில் ஹாட் டப்புக்கு உச்சவரம்பு 104 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 40 டிகிரி செல்சியஸ். ரிசார்ட்டுகளில் பெரும்பாலும் 100க்கும் 104க்கும் இடையில்தான் வைத்திருப்பார்கள். உடம்பின் சூடு 37 டிகிரி செல்சியஸ். தன்னைவிடச் சூடான தண்ணீரில் கழுத்துவரை மூழ்கிய உடம்பு வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருக்குமே தவிர வெளியே விட வழியில்லை. வேர்வை வந்தாலும் தண்ணீருக்குள் அது ஆவியாகாது. காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். பெரியவர்களுக்கும் இதே கதைதான், ஆனால் பிள்ளைகளுக்குக் கணக்கு இன்னும் மோசம். 70 கிலோ ஆளுக்குத் தோலின் பரப்பு சுமார் 1.8 சதுர மீட்டர். 16 கிலோ எடையுள்ள நாலு வயதுக் குழந்தைக்குச் சுமார் 0.7. ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு தோல் என்று வகுத்துப் பாருங்கள்: குழந்தைக்கு ஒன்றரை மடங்குக்கும் மேல் வரும். சூடு ஏறும் வாசல் அவ்வளவு பெரிது, அதைத் தாங்கும் உடம்பு அவ்வளவு சின்னது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஹாட் டப்பில் விடக் கூடாது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்வது இதனால்தான். "மடியில் வைத்துக்கொள்கிறேன்", "இடுப்புவரைதான்", "ரெண்டே நிமிஷம்" என்றெல்லாம் இதற்குச் சலுகை கேட்காதீர்கள்.

ஐந்து வயது முடிந்தால் எல்லாம் சரி என்றும் அர்த்தமில்லை. கலிஃபோர்னியாவில் பொது ஸ்பாக்களில் (ஹாட் டப்பைத்தான் ஸ்பா என்பார்கள்) மாட்டியிருக்கும் எச்சரிக்கைப் பலகையைப் படித்தால், 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பெரியவர் மேற்பார்வை இல்லாமல் பயன்படுத்தக் கூடாது என்று இருக்கும். வேறு மாநிலங்களில் இந்த வயது மாறும். சில ரிசார்ட்டுகள் தங்கள் பங்குக்கு 16, 18 என்று வைத்திருக்கும். பலகையில் எது அதிகமோ அதுதான் அன்றைக்கு உங்களுக்கு விதி. முன்மேசையில், அதாவது வரவேற்பில், பேரம் பேசிப் பயனில்லை.

அடுத்தது ஆழம். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. உள்ளே இருக்கும் இருக்கை பெரியவர்களின் அளவுக்குக் கட்டியது. நீர்மட்டத்திலிருந்து 28 அங்குலம் கீழேவரை இருக்கலாம், நடுவில் கால் வைக்கும் பள்ளம் மூன்று முதல் நான்கு அடி. ஒன்பது வயதுப் பையன் உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து உச்சந்தலைவரை ஏறக்குறைய 28 அங்குலம்தான் இருப்பான். ஆக, பெரியவர் தோள்வரை மூழ்கி வசதியாக உட்காரும் இடத்தில் அவனுக்கு மூக்குக்கு மேல் தண்ணீர். அதனால்தான் பிள்ளைகள் உள்ளே உட்காருவதே கிடையாது. முட்டி போடுவார்கள், இருக்கையின் விளிம்பில் நிற்பார்கள், வழுக்கிப் பள்ளத்தில் இறங்குவார்கள். சேட்டை என்று நாம் திட்டுவது பாதி நேரம் உட்கார இடமில்லாத குறைதான். பையனை இறங்கும் படியில் உட்கார வையுங்கள், மேல் படியிலிருந்து இரண்டாவது. இடுப்புவரை தண்ணீர், நெஞ்சும் தோளும் வெளியே காற்றில். ஆளும் நிலையாக இருப்பான், சூடும் மெதுவாக ஏறும். நீங்கள் அவனுக்கும் நடுப்பள்ளத்துக்கும் இடையில் உட்காருங்கள். கைப்பிடிக் கம்பியை மட்டும் மறைக்காதீர்கள், மற்றவர்கள் ஏறி இறங்குவது அதைப் பிடித்துத்தான்.

ஜெட் (தண்ணீரைக் குமிழியோடு பீய்ச்சும் குழாய்கள்) ஓடும்போது மேலே முழுக்க வெள்ளை நுரை. ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. பக்கத்தில் இருக்கும் பிள்ளை நழுவி உள்ளே போனால்கூடத் தெரியாது, பம்ப் சத்தத்தில் கேட்கவும் கேட்காது. பிள்ளை உள்ளே இருக்கும்வரை ஜெட்டை ஓடவிடாமல் இருப்பதே நல்லது. வேறு விருந்தினர் இருந்து அவர்களுக்கு ஜெட் வேண்டுமென்றால் நீங்கள்தான் விலக வேண்டும், அவர்கள் அல்ல. ஜெட்டின் பட்டன் தொட்டியிலிருந்து எட்டாத தூரத்தில், பெரும்பாலும் 15 நிமிட டைமரோடு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நேரம் முடிந்ததும் நாம் எழுந்து வெளியே வரவேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்தது. பிள்ளையை அனுப்பி அதைத் திரும்பத் திரும்ப அழுத்த வைத்தால் அந்த ஏற்பாடே வீண்.

இப்போது வடிகால், அதாவது பம்ப் தண்ணீரை உறிஞ்சி இழுக்கும் அடித்துளை. 2002 ஜூனில் வர்ஜீனியாவில் கிரேம் பேக்கர் என்ற ஏழு வயதுச் சிறுமி ஹாட் டப்பின் அடிவடிகாலில் உறிஞ்சப்பட்டு இறந்தாள். முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி. நன்றாக நீந்தத் தெரிந்தவள். அம்மா எவ்வளவு இழுத்தும் வரவில்லை, இரண்டு பெரியவர்கள் சேர்ந்து இழுத்து வடிகால் மூடியே உடைந்த பிறகுதான் வெளியே எடுக்க முடிந்தது. அவள் பெயரில் 2007 டிசம்பரில் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. பொதுக் குளங்களிலும் ஸ்பாக்களிலும் தரச்சான்று பெற்ற, ஆளை ஒட்டிப் பிடிக்காத மூடி கட்டாயம். ஒரே ஒரு வடிகால் இருந்தால் கூடுதல் பாதுகாப்பு அமைப்பும் வேண்டும். பழைய மூடி தட்டையாக இருக்கும், புதியது கொஞ்சம் குமிழ்ந்து இருக்கும். ஒரு முதுகோ வயிறோ முழுக்க மறைத்துவிட முடியாதபடி அந்த வடிவம்.

சட்டம் இருந்தாலும் நீங்கள் எட்டிப் பார்க்க வேண்டும். ஜெட்டை நிறுத்தி நுரை அடங்கியதும் அடித்தளத்தில் மூடி தெளிவாகத் தெரிகிறதா? எல்லாத் திருகும் இருக்கிறதா? விரிசல், ஆட்டம் ஏதும்? மூடி இல்லை, உடைந்திருக்கிறது, அல்லது கலங்கிய தண்ணீரில் மூடியே தெரியவில்லை என்றால் யாரும் இறங்கக் கூடாது. உடனே முன்மேசைக்குச் சொல்லுங்கள்.

நம் வீட்டுப் பெண்பிள்ளைகளின் நீளமான பின்னல் இங்கே தனிக் கவலை. முடி மாட்டுவது உறிஞ்சும் பலத்தால் மட்டும் இல்லை. மூடியின் ஓட்டைகள் வழியாக உள்ளே போன முடி, பின்னால் சுழலும் தண்ணீரில் முடிச்சு விழுந்துவிடும். பம்ப் நின்ற பிறகும் வராது. ஆகவே கொண்டையாகக் கட்டி நீச்சல் தொப்பிக்குள் போடுங்கள். தலையைத் தண்ணீருக்குள் முக்கும் விளையாட்டுக்கு ஹாட் டப்பில் அறவே இடமில்லை. அரைஞாண் கயிறு, கொலுசு, கழுத்துச் சங்கிலி, டிரவுசரின் தொங்கும் நாடா, துப்பட்டா எல்லாம் இதே கணக்கில் வரும். கறுப்பு அரைஞாண் கயிறு பிள்ளை பலத்துக்கு அறாது. ரெண்டு நாள் கழற்றி வைப்பதில் ஒன்றும் ஆகிவிடாது. பெரியவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் டிரவுசருக்குள் இறுக்கமாகச் செருகிவிடுங்கள்.

தண்ணீரில் இறங்குமுன் இன்னொன்றையும் தேடிக் கண்டுபிடியுங்கள்: அவசர நிறுத்தச் சுவிட்ச். தொட்டியிலிருந்து ஐந்தடிக்குக் குறையாத தூரத்தில், தொட்டியிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும், வழக்கமாகச் சிவப்பு நிறம். யாராவது மாட்டிக்கொண்டால் முதல் வேலை இழுப்பது அல்ல, ஒருவர் ஓடி அதை அழுத்துவது. இன்னொருவர் பிள்ளையின் முகம் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி தாங்க வேண்டும். பம்ப் நின்ற பிறகு நேராக மேலே இழுக்காமல், உடம்புக்கும் மூடிக்கும் நடுவில் விரலை நுழைத்துப் பக்கவாட்டில் உரித்தெடுப்பதுபோல் விலக்குங்கள். முடியென்றால் வெட்டிவிடுங்கள்.

தண்ணீர் சுத்தமா என்பதைக் கண்ணால் கொஞ்சம், தண்ணீரில் நனைத்தால் நிறம் மாறும் டெஸ்ட் ஸ்ட்ரிப்பால் மீதி பார்க்கலாம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சின்ன டப்பாவை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஹாட் டப்பில் கிருமி கொல்லும் குளோரின் குறைந்தது 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் மூன்று பங்கு), அதற்குப் பதில் ப்ரோமின் போட்டிருந்தால் 4 முதல் 8, அமில-கார அளவான பிஎச் 7.0 முதல் 7.8. குளத்துக்கு 1 பிபிஎம் குளோரின் போதும், இங்கே மூன்று மடங்கு கேட்பதற்குக் காரணம் உண்டு. சூடும் குமிழியும் மருந்தைச் சீக்கிரம் போக்கிவிடும், ஆட்களுக்குத் தண்ணீரும் குறைவு. 1,500 லிட்டர் தொட்டியில் ஆறு பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு 250 லிட்டர், நம் ஊர் மாடித் தொட்டியில் கால்வாசி. பக்கச் சுவரைத் தடவிப் பாருங்கள். வழவழவென்று பாசிபோல் இருந்தால் கிருமி படலம் கட்டியிருக்கிறது, திரும்பிவிடுங்கள். மூக்கைத் துளைக்கும் குளோரின் வாடை வந்தால் மருந்து அதிகம் என்று நினைப்போம். உண்மையில் வேர்வையும் மூத்திரமும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமின் வாடை அது. தீம் பார்க் போய் வந்தவர்கள் எல்லாம் இறங்கிய பின் ராத்திரி எட்டு மணிக்குத் தண்ணீர் மிக மோசமாக இருக்கும். பிள்ளையைக் கூட்டிப்போக, டப்பைத் திறந்தவுடன் வரும் காலை நேரமே என் தேர்வு, அப்போது கூட்டமும் இருக்காது.

அந்தத் தண்ணீரை நாமும் கெடுக்கக் கூடாது. இறங்குமுன் ஒரு நிமிடமாவது ஷவரில் நிற்க வேண்டும். சும்மா காலை நனைத்தால் குளித்த கணக்கில் சேராது. தலையில் எண்ணெய் இருந்தால் ஷாம்பு போட்டு அலசாமல் யாரும் இறங்காதீர்கள், மாமியாரும்தான். தேங்காய் எண்ணெய் மேலே மிதந்து, நீர்மட்டத்தில் கோடு கட்டி, ஃபில்டரை அடைத்து, இருக்கிற குளோரினையும் தின்றுவிடும். சன்ஸ்க்ரீனும் அப்படித்தான். பருத்தி டி-சர்ட், சுடிதார் வேண்டாம், நூல் பிசிறு ஃபில்டருக்குப் போகும். உடம்பு மறைய வேண்டுமென்றால் முழுக்கை நீச்சலுடை கிடைக்கிறது. பிள்ளையைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய்விட்டு இறக்குங்கள். "வருதா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் சொல்லும், கேட்காமல் கூட்டிப்போங்கள். ஸ்விம் டயப்பர் போடும் வயதென்றால் ஹாட் டப் வயதே இல்லை. வயிற்றுப்போக்கு இருந்தால் குளமும் கிடையாது, டப்பும் கிடையாது. வயிற்றுப்போக்குக்குக் காரணம் கிரிப்டோ என்ற கிருமி என்று மருத்துவர் சொல்லியிருந்தால் போக்கு நின்று இரண்டு வாரம் ஆகவேண்டும், குளோரின் போட்ட தண்ணீரிலும் அது ஏழு நாளுக்கு மேல் உயிரோடு இருக்கும்.

மேற்பார்வையில் நம் குடும்பங்களின் பலவீனம், ஆட்கள் அதிகமாக இருப்பது. சுற்றி ஆறு பெரியவர்கள் இருப்பார்கள், ஒவ்வொருவரும் மற்றவர் பார்ப்பதாக நினைத்துக்கொள்வார்கள். ரிசார்ட் ஹாட் டப்பில் உயிர்காப்பாளரும் பெரும்பாலும் கிடையாது. அதனால் பொறுப்பைப் பெயர் சொல்லிக் கைமாற்றுங்கள். "நான் டவல் எடுக்கப் போறேன், இப்ப நீங்க பாருங்க", "சரி, நான் பார்த்துக்கறேன்". அந்தப் பதில் வராமல் எழுந்து போகக் கூடாது. பார்க்கிறவர் கையில் போனும் கூடாது, பீரும் கூடாது.

மாமனாரைத் தனியாகப் பேரனோடு உட்கார வைத்துவிட்டு நீங்கள் போகாதீர்கள். இது மரியாதைக் குறைவில்லை. சூடான தண்ணீரில் ரத்தக்குழாய்கள் விரியும், ரத்த அழுத்தம் இறங்கும். பிபி மாத்திரை சாப்பிடுகிறவர் சட்டென்று எழுந்தால் கண் இருட்டிவிடும். நெஞ்சுக் கோளாறு, சர்க்கரை, பிபி எது இருந்தாலும் அவர் மருத்துவரிடம் கேட்டுவிட்டே இறங்க வேண்டும். "தாத்தா, நீங்க நேரம் பாருங்க" என்று கடிகாரத்தோடு நாற்காலியில் உட்கார வையுங்கள். பத்து நிமிடத்தை அவரைவிடக் கறாராகப் பார்க்க ஆள் கிடையாது.

மற்ற விருந்தினர்களோடு நடந்துகொள்வது பற்றி. முதலில் எட்டிப் பாருங்கள். இரண்டு பேர் அமைதியாக உட்கார்ந்திருந்தால், இறங்குமுன் "பையனும் நானும் பத்து நிமிஷம் இருந்துக்கலாமா?" என்று கேளுங்கள். பத்து நிமிடம் என்று சொல்லிவிட்டால் முகம் சுளிப்பது அநேகமாக நின்றுபோகும், சொன்னபடி எழுந்தால் சிரித்தபடி கையாட்டுவார்கள். குடும்பமாக ஆறு பேர் ஒரே நேரத்தில் இறங்காதீர்கள். இருக்கை எத்தனை இருந்தாலும், ஆளுக்குப் பத்துச் சதுர அடி என்ற கணக்கில்தான் ஆள் வரம்பு போடுவார்கள், அந்த எண் பலகையிலேயே இருக்கும். பந்து, தண்ணீர்த் துப்பாக்கி, மிதவை குளத்தோடு நிற்கட்டும். வாயில் தண்ணீர் பிடித்து பீய்ச்சுவதை முதல் தடவையிலேயே நிறுத்துங்கள், அநாகரிகம் மட்டுமில்லை, கிருமியை நேராக விழுங்கும் வழி அது. குளத்துக்கும் டப்புக்குமாக ஓடுவது இன்னொரு தொல்லை. ஈரத் தரையில் விழுவார்கள், ஒவ்வொரு தடவையும் குளிர்ந்த தண்ணீரை வாரிக்கொண்டு வந்து மற்றவர் மேல் கொட்டுவார்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவை என்று முன்பே பேசிவிடுங்கள். பெரியவர்களுக்கு மட்டும் என்று தனி டப் இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். வேறு யாருடைய பிள்ளையாவது குதித்தால் பிள்ளையை அதட்டாமல் பெற்றோரிடம் சொல்லுங்கள். பெற்றோரே அங்கு இல்லையென்றால் அது முன்மேசைக்குச் சொல்ல வேண்டிய விஷயம்.

பத்து நிமிடத்துக்கு முன்பே எழுப்ப வேண்டிய அறிகுறிகள் உண்டு. பிள்ளை வாயாடிக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று அமைதியானால், முகம் சிவந்தால் அல்லது மாநிறப் பிள்ளைக்குக் கண்ணைச் சுற்றி வாடினால், "தூக்கம் வருது", "வயித்தப் புரட்டுது", "தலை சுத்துது" என்றால் உடனே தூக்கிவிடுங்கள். நிழலில் படுக்க வைத்து, ஈரத்துணியால் துடைத்து, மடக்கு மடக்காகத் தண்ணீர் கொடுங்கள். சூட்டிலிருந்து நேராகக் குளிர்ந்த குளத்தில் இறக்காதீர்கள். மயங்கினாலோ வாந்தி நிற்காவிட்டாலோ 911.

மகள் அழத்தான் செய்வாள். அண்ணன் போகும் நேரத்தில் அவளை வேறிடத்தில் வைத்திருப்பதுதான் வழி: வீட்டுக்காரர் அவளோடு சூடேற்றிய குளத்தில் இருக்கட்டும், அல்லது அறையிலேயே பாத்டப்பில் 37 டிகிரித் தண்ணீர் விட்டுக் கொஞ்சம் நுரையும் போட்டால் அவளுக்கு அதுவே ஜக்கூசி. ஓரத்தில் உட்கார்ந்து காலை விடட்டும் என்ற சமரசம் வேண்டாம், வழுக்கி விழுவது அங்கிருந்துதான். மலைப்பக்க மரவீடு எடுக்கும்போதும், ஊட்டி, கொடைக்கானல் ரிசார்ட்டுகளில் பால்கனி ஜக்கூசி இருக்கும்போதும் அபாயம் வேறு மாதிரி. அங்கே பலகையும் இல்லை, ஆளும் இல்லை. பெரியவர்கள் தூங்கும்போது பிள்ளை தானாகப் போய்விடும். டப்பின் மேல்மூடிக்குப் பூட்டு இருந்தால் பூட்டுங்கள், இல்லையென்றால் பால்கனிக் கதவைப் பூட்டுங்கள்.

வெளியே வந்ததும் நீச்சலுடையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுங்கள். ஈர உடையோடே சாப்பிட உட்கார வைக்காதீர்கள். சூடோமோனாஸ் என்ற கிருமியால் வரும் சிவப்புப் பொரிகள் உடை ஒட்டியிருந்த இடத்தில்தான் அதிகம் கிளம்பும். சில மணி நேரத்திலோ சில நாளிலோ தெரியும், பெரும்பாலும் தானாக ஆறிவிடும். காய்ச்சலோ சீழோ சேர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பெரியவர்களுக்கு நிமோனியா உண்டாக்கும் லெஜியோனெல்லா என்ற கிருமிதான் கவலை. ஜெட் கிளப்பும் நுண்துளியை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்குப் போகும், ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். 1999இல் நெதர்லாந்தின் ஒரு மலர்க் கண்காட்சியில், காட்சிக்கு வைத்த ஸ்பாவிலிருந்து பரவி முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் அதில் குளிக்கவே இல்லை, அந்தப் பக்கம் நடந்தவர்கள். ஆகவே நேரம் பார்க்கும் மாமனாரின் நாற்காலியை, டப்பின் நுண்துளியைக் காற்று கொண்டுவரும் பக்கம் போடாமல் சற்றுத் தள்ளிப் போடுங்கள். திரும்பி வந்த இரண்டு வாரத்துக்குள் அவருக்கோ மாமியாருக்கோ காய்ச்சலும் இருமலும் வந்தால், ஹாட் டப் பக்கம் இருந்ததை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்காமல் விடலாம். சொன்னால்தான் அதற்கான சிறுநீர்ப் பரிசோதனையை எழுதிக் கொடுப்பார்.